அப்பா சம்மதிக்கிறார் என்று ஒரு கடிதம்

பெட்ரோலியம் என்ஜினீயரிங்கில் இடம் கிடைத்த அன்றே எங்கள் தெருவில் எனக்குப் 'பங்க்கு' என்று பெயர் விழுந்துவிட்டது. காட்டுப்பாக்கத்தில் எங்கள் ஆட்கள் கத்திரியும் கீரையும் போட்டுக்கொண்டிருந்த காலத்திலிருந்து இருக்கிறோம். நிலம் போய் ஃபிளாட்டுகள் வந்த பிறகும் தெருவில் பாதிப் பேர் எனக்குச் சித்தப்பா முறை, மீதிப் பேர் மாமா முறை. யார் வண்டியில் போனாலும் நிறுத்தி, "இன்னா பங்க்கு, லிட்டர் இன்னா விலை?" என்று கேட்காமல் போனதில்லை. சில்லறையாக ஊற்றுவதில்லை, டேங்கர் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று நானும் விடாமல் சொல்வேன்.

கிண்டல் செய்யாத ஒரே ஆள் அப்பா. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். எண்ணெய்க் கிணறுகளின் வாயில் மாட்டுகிற வால்வுகளுக்கான பாகங்களை அங்கே கடைந்து கொடுப்பார்கள். டிராயிங் வரும், கடைவார்கள், பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றுவார்கள், அதோடு சரி. "இருவது வருசமா கடைஞ்சிகினு கீறேன். எங்க மாட்றான், இன்னாத்துக்கு மாட்றான், ஒண்ணும் தெரியாது. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார் அப்பா. எனக்கு அது போதுமானதாக இருந்தது. ரிக் என்று சொல்லப்படும் அந்தத் துளையிடும் கோபுரத்தின் மேடையில், தலைக்கவசம் போட்டுக்கொண்டு வேலைக்கு நிற்க வேண்டும். நான்கு வருடமும் எனக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

பல்கலைக்கழகம் அரசுடையது, பெரியது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போவதற்குள் வகுப்பு பாதி முடிந்துவிடும். எங்கள் பிரிவில் நாற்பது சொச்சம் பேர், அதில் பெண்கள் என்னோடு சேர்த்து ஆறு. அந்த ஆறு பேரில் ஒருத்தி எங்கள் பக்கத்துக்காரி. ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஃபிளாட்டில் இருந்தாள். அவள் அப்பாவுக்குச் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. பேச்சில் மட்டும் ஊர் இன்னும் இறங்கவில்லை. டிப்போவிலேயே பஸ் கிளம்புவதால் அவள் முதலில் ஏறி இடம் போட்டு வைப்பாள். நான் ஷேர் ஆட்டோவில் வந்து குதித்து ஏறுவேன். நான்கு வருடம் ஒரே சீட். என் டிபனில் பாதி அவளுடையது, அவள் நோட்டில் பாதி என்னுடையது.

எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்த பாடம் சேறு. சிரிக்க வேண்டாம், அதுதான் பாடம். கிணறு தோண்டும்போது துளைக்குள் ஒரு களிமண் கரைசலை ஓயாமல் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அது துளை இடியாமல் தாங்கும், வெட்டின பாறைத் துண்டுகளை மேலே கொண்டுவரும். கரைசல் கெட்டியா, நீர்த்துப்போனதா என்று பார்க்க ஒரு புனல் உண்டு. அடியில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, கரைசலை நிரப்பி, விரலை எடுத்து, எத்தனை விநாடியில் வடிகிறது என்று பார்க்க வேண்டும். ஆறு பெண்களில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் அதை மூக்கைச் சுளிக்காமல் செய்வோம்.

இரண்டாம் வருடத்தில் பூந்தமல்லி சாலை முழுக்க மெட்ரோவுக்காகத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் பஸ் போரூர் தாண்டி நகராமல் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தோம். இரும்புத் தொட்டியில் சாம்பல் நிறத்தில் அதே கரைசல். இரண்டு பேரும் ஒன்றாகக் குதித்து இறங்கி, தகரத் தடுப்பின் இடைவெளியில் தலையை நீட்டி, அங்கிருந்த சூபர்வைசரிடம் எங்களுக்கு இதைச் சோதிக்கத் தெரியும் என்று சொன்னோம். அவருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. உள்ளே விட்டார், அதே மாதிரிப் புனலைக் கையில் கொடுத்தார். அவள் விரலை வைத்து அடைத்தாள், நான் செல்போனில் விநாடி பார்த்தேன். முப்பத்தெட்டு. சரியாக இருக்கிறது என்று அவருக்கு நாங்கள் சான்றிதழ் கொடுத்தோம். சுடிதார் முழுக்கச் சேற்றோடு நடந்தே வீட்டுக்குப் போனோம். வழி முழுக்கச் சிரிப்பு. படித்த காலத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை என்பதை இப்போது எழுதுவதற்கே எனக்கு எரிச்சலாக வருகிறது.

மூன்றாம் வருடம் பயிற்சிக்காகக் காவிரிக்கரைப் பக்கம் ஓர் எரிவாயுக் களத்துக்கு அழைத்துப் போனார்கள். பையன்கள் இரண்டு வாரம் ரிக்கில் இருந்தார்கள். பெண்களுக்கு ரிக்கை பஸ் ஜன்னலிலிருந்து காட்டினார்கள். பிறகு பத்து கிலோமீட்டர் தள்ளி ஓர் அலுவலகத்தில் உட்காரவைத்துப் பழைய வரைபடங்களை அடுக்கச் சொன்னார்கள். காரணம் கேட்டால், அங்கே பெண்களுக்குக் கழிவறை இல்லையாம். மூவாயிரம் மீட்டர் ஆழத்துக்குத் துளை போடத் தெரிந்தவர்களுக்குக் கழிவறைக்கு ஒரு குழி தோண்டத் தெரியவில்லை. இதை நான் சத்தமாகவே சொன்னேன். கூட வந்த ஆசிரியர் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார். அவர்தான் எங்கள் துறையில் வேலைவாய்ப்புக்கும் பொறுப்பாளர்.

நான்காம் வருடம் கம்பெனிகள் வரத் தொடங்கின. முதலில் வருவதெல்லாம் சாஃப்ட்வேர். கட்டுக்கட்டாக ஆள் எடுப்பார்கள். ஆனால் ஒருவருக்கு ஒரு வேலைதான் என்பது விதி. அதில் தேர்வாகிவிட்டால் பிறகு எண்ணெய்க் கம்பெனி வரும்போது உட்கார முடியாது. நானும் அவளும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காத்திருந்தோம். வீட்டில் அம்மா தினம் ஒரு பாட்டு பாடினாள். தை பிறந்த பிறகு ஒரு பெரிய கம்பெனி, கிணறு தோண்டும் வேலைக்கே ஆள் எடுக்க வருவதாக அறிவிப்பு வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பொறுப்பாளர் எங்கள் ஆறு பேரை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். களவேலை என்பதால், பெண்கள் மட்டும் அப்பாவிடமிருந்து ஒரு சம்மதக் கடிதம் கொண்டுவர வேண்டும், கம்பெனி கேட்கிறது, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கொடுக்காதவர்கள் பெயர் பட்டியலில் இருக்காது என்றார். "உங்க பாதுகாப்புக்குத்தாம்மா" என்று சிரித்தார். பையன்கள் ஏன் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டேன். அது கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்வி என்றார்.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கையெழுத்துதானே, போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"நீ வேலைக்குப் போறதுக்கு நான் இன்னாத்துக்கு எய்தித் தரணும்? உன்கூடப் படிக்கிற பசங்க அப்பன்லாம் எய்தித் தரானா? உனுக்கு வேணும்னா போட்றேன். ஆனா கேளு, கேட்டுட்டு வா."

மறுநாள் கேன்டீனில் ஆறு பேரும் உட்கார்ந்தோம். ஒருத்தியும் கடிதம் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னேன். ஆறு பேரில் ஒருத்தி கொடுத்தாலும் மற்ற ஐந்து பேர் அடம் பிடிக்கிறார்கள் என்று ஆகிவிடும். ஆறு பேருமே கொடுக்காவிட்டால், துறையில் முதல் மூன்று மதிப்பெண்ணில் இரண்டு எங்களுடையது, எங்களை விட்டுவிட்டுப் பட்டியல் அனுப்ப அவருக்குத் தைரியம் வராது. இதுதான் என் கணக்கு. இரண்டு பேர் தயங்கினார்கள். அவர்களைச் சம்மதிக்க வைத்தது நான்கூட இல்லை, அவள்தான். "நாம ஒருத்தர ஒருத்தர் விட்டுக்குடுக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள். நான் ஒரு மனு எழுதினேன். முதல் கையெழுத்து அவளுடையது. எனக்கு முன்னாலேயே பேனாவை வாங்கிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணி ஆயிற்று. யாரும் கொடுக்கவில்லை. அன்று மூன்றரை மணிக்கு அவள் மட்டும் நூலகத்தில் புத்தகம் திருப்ப வேண்டும் என்று அரைமணி நேரம் போனாள். பிறகு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டாள். வேர்க்கடலை வாங்கினோம். பஸ் முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை பொறுப்பாளர் இறங்கி வருவார், அடுத்த வருடத்துப் பெண்களுக்கு இந்தத் தொல்லையே இருக்காது, ரிக்கில் இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட் கேட்டு வாங்கிவிடலாம். அவள் கடலையை உரித்து உரித்து என் கையில் போட்டுக்கொண்டே வந்தாள். தனக்கு ஒன்றுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அதை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை டிப்போவில் என் சீட் காலியாக இருந்தது. அவள் சீட்டும் காலியாக இருந்தது. முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். போரூர் சிக்னலில் நிற்கும்போது வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வந்தது. பையன்கள் எல்லோரும் இருந்தார்கள். பெண்களில் ஒரு பெயர். நான் அதை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை, தவறு நடந்திருக்கும், நேரில் கேட்டால் அவளே சிரிப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மடச்சி.

மற்ற நாலு பெண்களும் மாடிப்படியில் எனக்காகக் காத்திருந்தார்கள். கோபம் அவள் மேல் இல்லை, என் மேல். கடிதம் எழுதி வைத்திருந்தோம், உன் பேச்சைக் கேட்டுத்தான் கொடுக்கவில்லை என்றார்கள். அதில் ஒருத்தி அழுதாள். அவசரமாகப் பொறுப்பாளர் அறைக்கு ஓடினோம். இனிமேல் சேர்க்க முடியாது, பட்டியல் போய்விட்டது என்றார். என்னைத் தனியாக நிறுத்தி, கடிதம் தர மறுத்தவர்கள் பெயர் கம்பெனிக்கும் தெரியும், அந்தப் பக்கம் இனி முயற்சி பண்ணாதே என்று அறிவுரையும் சொன்னார்.

அவள் தேர்வானாள். நன்றாகப் படித்தவள்தான், தேர்வாகாமல் இருந்தால்தான் அதிசயம். கொடுமை என்னவென்றால் நானும் அவளும்தான் ஒரே புராஜெக்ட். அரிசி உமியை அரைத்துக் கரைசலில் கலந்தால் பாறை இடுக்கில் அது கசிந்துபோவது குறைகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரே மேசையில் நின்றோம். அளவைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஒருநாள் குழாயடியில் கோப்பைகளைக் கழுவும்போது நானே ஆரம்பித்தேன். உங்க அப்பா கொடுத்தாரா, நீ கொடுத்தியா என்று கேட்டேன். அப்பாதான் வற்புறுத்தினார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகவே இருந்தேன்.

"நாந்தான் குடுத்தேன்" என்றாள். "மூணே முக்காலுக்கு. நீ ஜெயிச்சிருவன்னு எனக்குத் தோணல. நீ தோத்தா அதையும் பெருமையா சொல்லிட்டுத் திரிவ. எனக்கு அப்படி வராது, எனக்கு வேலை வேணும்."

கையிலிருந்த கோப்பையைச் சுவரில் எறிய வேண்டும் போலிருந்தது. பல்கலைக்கழகச் சொத்து என்பதால் கழுவி வைத்தேன். அவள் சொன்னதில் பாதி உண்மை என்று அப்போதே எனக்குத் தெரியும். அதனால் வலி குறைந்துவிடவில்லை. என்னிடம் வந்து, நான் கொடுக்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், அப்புறம் நானும் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அந்த அரைமணி நேரத்தை அவள் எனக்குத் தரவில்லை.

படிப்பு முடிந்தது. நான் எங்கெங்கோ எழுதிப்போட்டு, கடைசியில் அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் செயலியில் பொத்தான்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று அழுத்திப் பார்க்கும் வேலை. காலையில் அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். என்னை ஏசிக் கட்டடத்தில் இறக்கிவிட்டு, அவர் இரண்டு தெரு தள்ளி லேத்துக்குப் போவார். தெருவில் 'பங்க்கு' என்று கூப்பிடுவதை எல்லோரும் ஒரே சமயத்தில் நிறுத்திவிட்டார்கள். அது அவர்களுடைய நாகரிகம். எனக்குக் கிண்டலே தேவலை என்றிருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த எண்ணெய்க் கம்பெனியே பொதுவாக ஆள் எடுப்பதாக இணையத்தில் அறிவிப்பு வந்தது. படிப்பு முடித்து ஒரு வருடத்துக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். பெண்ணென்றால் அப்பாவிடம் சீட்டு வாங்கி வரச் சொல்கிற கம்பெனியின் வாசலை மிதிக்க மாட்டேன் என்று அதை மூடினேன். பொறுப்பாளர் சொன்னதும் மனதில் இருந்தது. அப்பா இரண்டு முறை கேட்டார். வேண்டாம், எனக்கு மானம் இருக்கிறது என்றேன். கெடு முடிந்த அன்று மாலை அவர் என்னையும் அம்மாவையும் பூந்தமல்லிக்கு அழைத்துப் போய் பிரியாணி வாங்கிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சொல்லாமல் வந்தாள். ரிக்கில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் விடுமுறையாம். கறுத்திருந்தாள், தோள் அகலமாகியிருந்தது. பார்த்த உடனே எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. அம்மா எதுவுமே நடக்காத மாதிரி அவளுக்கு மீன் குழம்பு ஊற்றினாள். சாப்பிட்ட பிறகு காய்ந்த துணியை எடுக்க நான் மொட்டைமாடிக்குப் போனேன், அவளும் பின்னாலேயே வந்தாள்.

நான்கு துணி எடுத்த பிறகு அவளே ரிக்கைப் பற்றிச் சொன்னாள். தொண்ணூறு ஆண்களுக்கு நடுவில் இரண்டு பெண்கள். ஒரு கேபினை ஒழித்துக் கொடுத்துவிட்டார்கள், வேறு ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உங்க அப்பா எழுதின கடிதத்தைக் கண்ணாடி போட்டு அங்கே மாட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன்.

அவள் கிளிப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அந்த லெட்டர் அங்க போகவே இல்லட்டி. கம்பெனி கேக்கவே இல்ல. சேரும்போது நானா கேட்டேன், ஆள் சேக்குற அம்மா சிரிக்காங்க. வேலை உனக்கா உங்க அப்பாவுக்கான்னு. எல்லாம் சார் சொந்தமா பண்ணுனது."

முதலில் எனக்கு அந்த ஆசிரியரின் முகம்தான் தெரிந்தது. பாதுகாப்புக்குத்தாம்மா என்ற அந்தச் சிரிப்பு. ஒரு கம்பெனி, ஆறு பெண்கள், இல்லாத ஒரு விதி. கூசாமல் கம்பெனி மேல் பழியைப் போட்டு, என் பெயர் அங்கே கெட்டுவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் மானத்தோடு மூடிவைத்த அந்த விண்ணப்பத்தை நிரப்பியிருந்தால், அவர்கள் சாதாரணமாக என்னைத் தேர்வுக்குக் கூப்பிட்டிருப்பார்கள். கொடியில் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

இது உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"சேந்த அன்னைக்கே."

அந்த அறிவிப்பு வந்தது அதற்குப் பல மாதம் கழித்து. அதைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தாளாம். நான் விண்ணப்பிக்கவில்லை என்பதும், ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பதும் வகுப்புப் பெண்கள் சொல்லி அவளுக்குத் தெரியுமாம். கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. ஒரு போன் போதும். நாலு வரி செய்தி போதும். அதையும் சொன்னேன். சத்தமாகச் சொல்லவில்லை, அம்மா கீழே இருந்தாள்.

அவள் புடவையின் மறுமுனையை எடுத்துக்கொண்டாள். நீளமான துணி என்றால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து மடிப்பதுதான் வழக்கம், கை தானாகப் போயிருக்கும். ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சொல்லியிருந்தா நீயும் வந்திருப்பல்லா" என்றாள்.

நான் புடவையை அவள் கையிலிருந்து இழுத்துத் தனியாகவே மடித்தேன்.